காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும்

நாலாம் கேள்வி நான் போட்டது.
நாலு கிலோ இரும்புக் குண்டு, கம்பியின் நுனியில்.
சுழற்றி விட்ட வேகம் வினாடிக்கு இருபத்து நாலு மீட்டர்,
தரையோடு நாற்பத்தைந்து பாகை.
எவ்வளவு தூரம் போய் விழும்?
காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும்.
பத்து மதிப்பெண்.

ஐம்பத்தெட்டு புள்ளி எட்டு.
நூற்றுப் பதினோரு தாளில்
தொண்ணூறு பேர் அதைத் தொட்டுவிட்டார்கள்.
அவர்களில் எவரும் ஒரு சங்கிலிக்குண்டைத்
தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.
நானும்தான்.

ரூபலோசினி த/பெ பச்சையப்பன்
சூத்திரம் எழுதவில்லை, படம் வரையவில்லை.
வெள்ளைத் தாளின் நடுவே மலாயில் ஒரே வரி:
ஐம்பத்து நாலு. மழை என்றால் ஐம்பத்தொன்று.

பூஜ்யம் போட்டேன்.
மொத்தம் முப்பத்தெட்டு. தேர்ச்சிக்கு நாற்பது.

விளையாட்டுப் பிரிவு ஹஸ்னி அழைத்தார்.
லாபிஸில் மழையா என்று முதலில் வானிலை விசாரித்தார்,
தானும் லாபிஸில்தான் இருக்கிறார் என்பதை மறந்து.
அப்புறம் என் முட்டிவலி.
அப்புறம் மெதுவாக, "ரெண்டே மார்க்தானே டாக்டர்."
அந்த இரண்டில் தொங்குகின்றன
அவளுடைய உதவிநிதியும் விடுதிக் கட்டிலும்.
நுழைவாயில் பதாகையில் இருப்பதும் அவள்தான்:
வாய் பிளந்து, கழுத்து நரம்பு புடைத்து,
தலைக்கு மேல் துணைவேந்தரின் வரவேற்புரை.

துறைத் தலைவர் கதவைப் பிடித்தபடி சொன்னது வேறு:
"இன்னைக்கு எறியறவங்களுக்குப் போட்டா
நாளைக்குப் பாடுறவங்க வந்து நிப்பாங்க."
இருவரிடமும் "பார்க்கிறேன்" என்றேன்.

ஆறு மணிக்குத் திடலுக்குப் போனேன்.
ஆலையின் புளித்த வாடை இறங்கியிருந்தது.
வேலியோரம் வெட்டாமல் விட்ட எட்டு செம்பனைகள்,
பிரட்டுக்கு வந்து பெயர் கூப்பிடப்படாதவர்கள் மாதிரி.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு சுற்று.
குண்டு எங்கே விழுந்ததென்று நான் தேடுமுன்
செருப்புக்குள் தரை சொல்லிற்று.

"மழைன்னா ஏன் ஐம்பத்தொண்ணு?"

"வட்டம் வழுக்கும் சார். நாலு சுத்து போக மாட்டேன்.
மூணோட விட்டுருவேன்."

"அதை எழுதியிருக்கலாமே?"

"காத்தையே விட்டுடச் சொன்னீங்க.
உங்ககிட்ட வழுக்கலைப் பத்தி எப்படி எழுதுறது?"

கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள்.
நடுவிரல் நகம் கறுத்திருந்தது.
பிறகு, நான் கேட்காமலே,
"சூத்திரம் தெரியாது சார். படிக்கலை.
போட்டி முடிஞ்சு பஸ் வந்து சேரவே
விடியக்காலை நாலாயிருச்சு.
மார்க் போடுங்கன்னு நான் கேக்கல."

கேட்டிருந்தால் மறுப்பது சுலபமாயிருக்கும்.

நள்ளிரவுக்குள் ஏற்றியாக வேண்டும்.
பதினொன்று ஐம்பதுக்கு முப்பத்தெட்டு என்றே தட்டினேன்.
அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது,
நான் கேட்டது அவளுக்குத் தெரியாது.
தாளில் ஒரு பக்கத்துக்குத்தான் கட்டம் இருக்கிறது.

மறுதேர்வு ஒன்பதாம் தேதி, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு.
அதே ஒன்பதாம் தேதி கோலாலம்பூரில் இறுதிச் சுற்று;
மூன்றே காலுக்குப் பெயர் கூப்பிடுவார்கள்.
இந்த இரண்டு அட்டவணைகளையும் போட்ட இரண்டு அறைகளுக்கு
நடுவே ஒரே ஒரு படிக்கட்டு.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
இருநூறு கிலோமீட்டர், சராசரி எண்பது,
இரண்டரை மணி நேரம்.
நாற்பத்தைந்து நிமிடம் மிச்சம்.

பிறகு சிகாமட் வரைக்கும் குலை லோரிகளைச் சேர்த்தேன்.
சுங்கை பீசி சாவடியைச் சேர்த்தேன்.
என் சாகாவின் தேய்ந்த டயர்கள்,
அவள் வழியில் சாப்பிட வேண்டிய சோறு,
மதியத்துக்கு மேல் அங்கே கொட்டும் மழை.
நாற்பத்தைந்து நாலாயிற்று.

ஹஸ்னியை அழைத்தேன்.
மார்க் மாறாது, வண்டி நான் எடுக்கிறேன் என்றேன்.
சிறிது நேரம் பேச்சில்லை.
பிறகு வானிலை விசாரித்தார்,
இந்த முறை நிஜமாகவே.